டேபிள் சா மைட்டர் ஸ்லெட்: சிக்காமல், ஆடாமல் ஓட வைப்பது எப்படி

அயனாவரத்தில் எங்கள் வீட்டு கார் ஷெட்தான் என் பட்டறை. தஞ்சாவூர் ஓவியங்களுக்குத் தேக்குச் சட்டம் போடுவதுதான் அங்கே அதிகமாக நடக்கும் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில், அக்கினி நட்சத்திர வெயிலில், டேபிள் சாவில் 45 டிகிரி வெட்டுக்கு (அதுதான் மைட்டர்) ஒரு ஸ்லெட் செய்தேன்; மரத்தை மேலே வைத்துப் பிளேடை நோக்கித் தள்ளும் பலகை அது. அதன் அடியில், மேஜையில் இருக்கும் நீளப் பள்ளமான காடிக்குள் ஓடும் பட்டைதான் ரன்னர்; நான் போட்டது தேக்கு ரன்னர், வெண்ணெய் மாதிரி ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் அதே ஸ்லெட் காடிக்குள் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அவசரத்தில் ரன்னரின் இரண்டு பக்கமும் இழைப்புளியால் ஆளுக்கு ஒரு சீவல் எடுத்தேன். ஓடியது. ஆனால் தை மாதம் செய்த சட்டங்களில் நான்காவது மூலை மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மரம் காய்ந்து ரன்னர் ஒல்லியாகி, ஸ்லெட் ஆட ஆரம்பித்திருந்தது.

அந்த ஒரு வருடத்தில் கற்றதும், அதற்குப் பிறகு சரிசெய்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி. ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது: ஸ்லெட் சிக்குகிறது என்றால் ஏதோ ஓர் இடத்தில் தேய்க்கிறது. அந்த இடம் எது என்று தெரிவதற்கு முன் ரன்னர் மேல் உளியோ இழைப்புளியோ படக்கூடாது.

ஆட்டம் எவ்வளவு கெடுக்கும்?

ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. 75 மி.மீ. அகலச் சட்டத்தில் 45 டிகிரி வெட்டின் முகம் 106 மி.மீ. நீளம். 450 மி.மீ. நீள ரன்னர் காடிக்குள் 0.4 மி.மீ. ஆடுகிறது என்றால், அது 0.05 டிகிரி வரை திரும்பும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். எட்டு வெட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் மொத்தம் 0.4 டிகிரி; கடைசி மூலையில் முக்கால் மி.மீ. இடைவெளி. தேக்குச் சட்டத்தில் பாலிஷ் போட்ட பிறகு அது கறுப்புக் கோடாகத் தெரியும். ரன்னர் குட்டையாக இருந்தால் இன்னும் மோசம்: நீளம் பாதியானால் கோணப் பிழை இரண்டு மடங்கு.

சிக்குவதும் வெறும் எரிச்சல் மட்டும் இல்லை, ஆபத்து. சிக்கும் ஸ்லெட்டை நாம் உடம்பு பலம் கொடுத்துத் தள்ளுவோம். அது திடீரென்று விடுபட்டால் கை பிளேடு பக்கம் போகும். அதனால் கீழே வரும் எல்லா வேலையையும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது.

முதல் படி: காடியைச் சுத்தம் செய்து அளப்பது

வார்ப்பிரும்பு மேஜையாக இருந்தால் சென்னைக் காற்றில் துரு வராமல் இருக்காது. அதுவும் காடியின் அடி மூலைகளில், மரத்தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்காரும் இடத்தில்தான் முதலில் பிடிக்கும். மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு ரீப்பர் துண்டில் 400 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, காடியின் இரண்டு சுவரையும் லேசாக ஓட்டுங்கள். நோக்கம் துருவை எடுப்பது மட்டும்; சுவரை அரைக்கக் கூடாது. மேல் விளிம்பில் பிசிர் இருந்தால் நைஸ் அரத்தால் ஒரு தடவல் போதும்.

இப்போது வெர்னியர் காலிப்பரை எடுத்து முன், நடு, பின் என்று மூன்று இடத்திலாவது அகலத்தை அளந்து எழுதுங்கள். பெரிய மெஷின்களில் காடி ஆறு நூல் அகலமும் மூன்று நூல் ஆழமும் இருக்கும், அதாவது 19.05 மி.மீ.க்கு 9.5 மி.மீ. சைட்டுக்குத் தூக்கிச் செல்லும் சிறிய மெஷின்களில் இந்த அளவை நம்ப வேண்டாம், அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரே காடியில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எந்த இடம் குறுகலோ அங்கே சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். ரன்னரை அந்த இடத்துக்குத்தான் பொருத்த வேண்டும். அகலமான இடத்துக்குப் பொருத்தினால் குறுகலில் சிக்கும்.

கையால் பிடிக்கும் சர்க்குலர் சாவைப் பிளைவுட் மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டி டேபிள் சாவாகப் பயன்படுத்துபவர்கள் நம் ஊரில் நிறைய. அங்கே காடியே பிளைவுட்டில் வெட்டியதாக இருக்கும், மழைக்கு அதுவும் உப்பும். அந்த மேஜைக்கு முதல் வைத்தியம், காடியைக் கொஞ்சம் அகலப்படுத்தி ஓர் அலுமினியச் சேனலைப் பதித்துவிடுவது. அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

இரண்டாம் படி: பிளேடு காடிக்கு இணையாக இருக்கிறதா?

இதைப் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். ஸ்லெட் காடியைப் பின்பற்றித்தான் போகும். பிளேடு காடிக்கு இணையாக இல்லை என்றால், எவ்வளவு அழகாக ஓடும் ஸ்லெட்டும் மரத்தைப் பிளேடின் பின்பக்கத்தில் உரசிக்கொண்டு போகும். வெட்டு முகம் கருகும், தள்ளும்போது கனக்கும். ரன்னரில்தான் கோளாறு என்று நினைத்து அதைச் செதுக்குவோம்.

பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து காடிச் சுவரிலிருந்து அதன் தூரத்தை அளங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளங்கள். அதே பல் என்பது முக்கியம். வேறு பல்லை அளந்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால், மெஷினின் கையேட்டில் சொன்னபடி மேஜை போல்ட்டையோ அடியில் பிளேடைத் தாங்கும் பகுதியின் போல்ட்டையோ தளர்த்தித் தட்டிச் சரிசெய்யுங்கள்.

மூன்றாம் படி: ரன்னருக்கு என்ன பொருள்?

சென்னைக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். சித்திரை, வைகாசியில் காய்ந்து, ஐப்பசி, கார்த்திகையில் ஊறும் ஊர் இது.

மரம்தான் வேண்டும் என்றால் பழைய தேக்கு நல்லது. இடித்த வீட்டு ஜன்னல், கதவுச் சட்டங்களில் கிடைப்பது பல பத்தாண்டுகள் காய்ந்தது. நேரான ரேகை உள்ள துண்டாகப் பாருங்கள். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ரன்னரின் வெட்டு முனையைப் பார்த்தால் ஆண்டு வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்திருக்கக் கூடாது. மரம் வளையத்தின் போக்கில் உப்புவது, வளையத்துக்குக் குறுக்கே உப்புவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோடுகள் நின்றால் குறைவாக உப்பும் திசை ரன்னரின் அகலத்தில் வரும். 19 மி.மீ. தேக்கில் ஈரம் 4 சதவீதம் ஏறினால், கோடு நின்றால் 0.08 மி.மீ. அளவுக்கும், படுத்தால் 0.14 மி.மீ. அளவுக்கும் அகலம் கூடும். இந்தச் சின்ன எண்கள்தான் நன்றாக ஓடுவதற்கும் சிக்குவதற்கும் நடுவில் இருப்பவை.

நைலான் பட்டையைத் தவிர்த்துவிடுங்கள். வழவழப்பாக இருப்பதால் ஆசை வரும், ஆனால் அது காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். டெல்ரின் என்ற இன்னொரு பிளாஸ்டிக் அவ்வளவு குடிக்காது. வெட்டும் பலகை செய்கிற வெள்ளைப் பாலிஎதிலீன் வகைகள் ஈரத்துக்கு அசையாது, வெயிலுக்கு நீளும்; ஸ்க்ரூ முறுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். ஹைலம் ஷீட்டில் (பிசின் ஊறவைத்து அழுத்திச் செய்த கெட்டித் தகடு) வெட்டிய பட்டை நல்ல தேர்வு.

என் இப்போதைய ஸ்லெட்டில் இருப்பது அலுமினியம். ஈரம் ஒன்றும் செய்யாது, 10 டிகிரி வெயில் ஏறினாலும் அதன் அகலத்தில் வரும் மாற்றம் அளக்க முடியாத அளவு. இரும்புப் பட்டை 20 மி.மீ. அகலத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஆறு நூல் காடிக்கு அது ஒரு மி.மீ. பெரிது, மில்லிங் போட வேண்டும், பிறகு துருப்பிடிக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் மில்லிங் மெஷின் வைத்திருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் காடியின் அளவைக் கொடுத்தால் அலுமினியப் பட்டையைச் சரியாக எடுத்துக் கொடுப்பார்கள். குறுகலான இடத்தின் அளவிலிருந்து 0.1 மி.மீ. குறைத்துக் கொடுங்கள். மிச்ச ஆட்டத்தை எடுக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எந்தப் பொருளானாலும் ரன்னரின் உயரம் காடியின் ஆழத்தைவிட அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை குறைவாக இருக்க வேண்டும். ரன்னர் காடியின் அடியில் தட்டினால் ஸ்லெட் மேஜையில் உட்காராது, ரன்னர் மேல் ஏறி ஆடும்.

நான்காம் படி: தேய்க்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா எங்கள் தெருவில் இருந்தார். நான் ரன்னரை இழைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க தேய்க்குதுன்னு பார்க்காம எடுக்காதப்பா, எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது" என்றார். பேரிங்கை உட்கார வைக்கும்போது நீலச் சாயம் தடவி, சாயம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டும் முறையை அவர்தான் காட்டினார். அதே முறைதான் இங்கே, சாயத்துக்குப் பதில் பென்சில்.

ரன்னரைத் தனியாக, ஸ்லெட்டில் மாட்டாமல் முதலில் பாருங்கள். 6பி பென்சிலால் காடியின் இரண்டு சுவரையும் நன்றாகக் கறுப்பாக்குங்கள். ரன்னரை உள்ளே வைத்து நான்கைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வெளியே எடுத்தால் பக்கங்களில் கறுப்புப் பளபளப்பு திட்டுத் திட்டாக இருக்கும். அதுதான் மேடு. அங்கே மட்டும் ஸ்கிரேப்பராலோ, தட்டையான மரத்துண்டில் சுற்றிய 220 நம்பர் உப்புத்தாளாலோ இரண்டு இழுப்பு. மறுபடி ஓட்டம், மறுபடி பார்வை. முதலில் மூன்று நான்கு திட்டு இருக்கும், அப்புறம் அவை பரவி நீளமாகும். பக்கம் முழுவதும் சாம்பல் நிறம் சீராக வந்தால் ரன்னர் பொருந்திவிட்டது. இதற்கு அரை மணி நேரம் பிடிக்கலாம். அவசரப்படாதீர்கள்.

பொருந்திய ரன்னர் எப்படி இருக்கும்? மேலே தூக்கினால் வரும். பக்கவாட்டில் தள்ளினால் டக் டக் என்ற சத்தம் வரக்கூடாது. ஒரு ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. ரன்னருக்கும் சுவருக்கும் நடுவில் அந்தத் தாள் நுழைந்தால் ஆட்டம் அதிகம். வண்டி மெக்கானிக்குகள் டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய வைத்திருக்கும் ஃபில்லர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இதழ்கள்) 0.05 மி.மீ. இதழ் நுழைந்து அடுத்தது நுழையாவிட்டால் போதும். அதற்கும் கீழே போக முயன்றால் ஒரு மழை நாளில் சிக்கும்.

ஐந்தாம் படி: பலகையில் ஒட்டுவது

ஸ்லெட்டின் அடிப்பலகைக்கு 12 மி.மீ. மரைன் பிளை, ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. சிடன்ஹாம்ஸ் ரோட்டுக் கடைகளில் பாதி ஷீட்டாகக்கூட வெட்டிக் கேட்கலாம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், நம் மழையில் அதன் விளிம்பு வீங்கும்.

காடிக்குள் ஒரே அளவு வாஷர்களை இடைவெளி விட்டுப் போட்டு, அதன் மேல் ரன்னரை வையுங்கள். ரன்னரின் மேல் முகம் மேஜையைவிட ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்து நிற்கட்டும். மர ரன்னரானால் மேலே ஃபெவிகால் பொட்டுகள், உலோகமானால் இருபக்க டேப். பிளேடைக் கீழே இறக்கிவிட்டு, அடிப்பலகையை மேலிருந்து நேராக இறக்கி, கனமான ஏதாவது வைத்து விட்டுவிடுங்கள். பெயின்ட் டப்பா இரண்டு போதும். பசை காய்ந்த பிறகுதான் ஸ்க்ரூ.

ஸ்க்ரூதான் நன்றாகப் பொருந்திய ரன்னரைக் கெடுக்கும் முதல் எதிரி. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஸ்க்ரூ ஏறும்போது அது இரண்டு பக்கமும் பிதுங்கும். பார்த்தால் தெரியாது, பென்சில் கறுப்பு காட்டிக்கொடுக்கும்: திட்டுகள் சரியாக ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் இருக்கும். அப்படி வந்தால் ரன்னரைச் சுரண்டாதீர்கள், அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்துங்கள். தலை ஆப்பு மாதிரி இருக்கும் சி.எஸ்.கே. ஸ்க்ரூவைவிட, அடி தட்டையான தலையும் வாஷரும் நல்லது. தலை பலகைக்கு மேலே துருத்தாதபடி அதற்குக் குழி எடுத்துவிடுங்கள். துளையை முன்பே சரியான அளவில் போடுங்கள். ஒரு ஸ்க்ரூ முறுக்கியதும் ஸ்லெட்டை ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு ஓட்டினால் யார் குற்றவாளி என்று தெரியாது.

இரண்டு ரன்னர் வைப்பவர்களுக்கு: இரண்டும் இறுக்கமாக இருந்தால் ஒன்றுக்கொன்று சண்டை போடும். வழிகாட்ட ஒரு ரன்னர் போதும். பிளேடுக்கு இடப்பக்கம் இருப்பதை நான் வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறேன். மற்றதைக் காடியைவிட 0.3 மி.மீ. ஒல்லியாக எடுத்து, தாங்குவதற்கு மட்டும் விட்டுவிடுவேன். அதிலிருந்து என் ஸ்லெட்டில் மழைக்காலச் சிக்கல் பாதி குறைந்தது.

ஆறாம் படி: ஏற்கெனவே ஆடும் ஸ்லெட்டை இறுக்குவது

புதிதாகச் செய்ய நேரமில்லை, இருப்பதைச் சரிசெய்ய வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். பொருளைப் பொறுத்து வழி மாறும்.

மர ரன்னர் என்றால் ஆடும் பக்கத்தில் ஃபெவிக்விக் மாதிரி உடனே ஒட்டும் பசையை மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு, பென்சில் முறையில் மறுபடி பொருத்துங்கள். ஒரு பூச்சு போதாவிட்டால் இரண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அதன் ஆவி கண்ணை எரிக்கும். இன்னொரு வழி எனக்கு மிகப் பிடித்தது: ரன்னரின் இரண்டு முனையிலும் நடுவில் 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு கீறல் வெட்டி, கீறலின் நடுவில் ஒரு சி.எஸ்.கே. ஸ்க்ரூ. மேலே பிதுங்கலால் எதிரியாக இருந்த அந்த ஆப்புத் தலை இங்கே நண்பனாகிறது: முறுக்க முறுக்கக் கீறல் விரிந்து முனை அகலமாகும். மழையில் தளர்த்தலாம், வெயிலில் இறுக்கலாம். அந்த முனைப் பகுதியில் மட்டும் பசை இருக்கக்கூடாது, விரிய இடம் வேண்டுமே.

இரும்பு ரன்னர் என்றால் சென்டர் பஞ்ச், அதாவது குழி அடிக்கும் கூர்முனை இரும்புக் கருவி. பக்கத்தில் பஞ்சை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் குழியைச் சுற்றி உலோகம் லேசாக எழும். 40 மி.மீ.க்கு ஒன்றாக, ஒரே பக்கத்தில் தட்டுங்கள். அதிகம் எழுந்தால் நைஸ் அரத்தால் தடவுங்கள்.

அலுமினியத்துக்கு கிரப் ஸ்க்ரூ, அதாவது தலை இல்லாத ஸ்க்ரூ. எம்4 அல்லது எம்5 மரை போட்டு, நுனியில் நைலான் உள்ளதாக வாங்குங்கள். லிங்கிச் செட்டித் தெருக் கடைகளில் தேடலாம். 450 மி.மீ. ரன்னருக்கு நான்கு போதும், எல்லாம் ஒரே பக்கத்தில். அப்போது ரன்னரின் எதிர்ப் பக்கம் எப்போதும் காடியின் ஒரே சுவரை ஒட்டி ஓடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டால் எந்தச் சுவர் வழிகாட்டுகிறது என்பதே தெரியாமல் போகும். இறுக்கும்போது சாக்பீஸ் குறி போட்ட குறுகலான இடத்தில் ரன்னரை நிறுத்தி, முதலில் இரண்டு முனை ஸ்க்ரூக்கள், பிறகு நடு. ஆலன் கீயை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

ஏழாம் படி: மெழுகு

எண்ணெய் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ மரத்தூளோடு சேர்ந்து இரண்டே நாளில் பிசினாகும். சிலிகான் ஸ்பிரே அடித்தால் அது மரத்தில் ஒட்டி, பிறகு பாலிஷ் பிடிக்காமல் கண் கண்ணாக விலகும். சிவப்புத் தரைக்குப் போடும் மெழுகு பாலிஷ் அருமையாக வேலை செய்யும், துருவையும் கொஞ்சம் தடுக்கும். காடியிலும், மேஜையிலும், ஸ்லெட்டின் அடியிலும் மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்ததும் துணியால் பளபளக்கத் துடையுங்கள். அவசரத்துக்கு மெழுகுவர்த்தியும் சரிதான்.

எட்டாம் படி: வெட்டிப் பார்ப்பது

பிளக்கை மாட்டலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையுறை கூடாது, கை பிளேடு வரும் பாதையில் இருக்கக்கூடாது.

ஒரு துண்டுப் பிளைவுட்டை ஸ்லெட்டில் கிளாம்ப் போட்டு வெட்டுங்கள். கழற்றாமல், ஸ்லெட்டைப் பின்னால் கொண்டுவந்து, இப்போது லேசாக ஒரு பக்கம் அழுத்தியபடி மறுபடி அதே வெட்டில் விடுங்கள். பிறகு மறு பக்கம் அழுத்தி. இரண்டாவது, மூன்றாவது முறையில் பிளேடு புதிதாகத் தூள் எடுத்தால் ஆட்டம் இன்னும் இருக்கிறது. வெறும் காற்றைத்தான் வெட்டுகிறது என்றால் ஸ்லெட் சரி. வெட்டின் எந்தப் பகுதியில் தூள் வருகிறது என்று கவனியுங்கள்: தொடக்கத்தில் மட்டும் வந்தால், அங்கே ரன்னரின் பாதி மேஜைக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நீளமான ரன்னர்தான் மருந்து.

இதற்குப் பிறகுதான் 45 டிகிரி பென்ஸை, அதாவது மரத்தைச் சாய்த்து வைக்கும் தடுப்புக் கட்டையை, தொட வேண்டும். ஆடும் ஸ்லெட்டில் பென்ஸைச் சரிசெய்வது ஓடும் பஸ்ஸில் ஊசியில் நூல் கோப்பது மாதிரி. இரண்டு பென்ஸும் ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியாக இருப்பதை மூலைமட்டத்தால் உறுதிசெய்யுங்கள். அது சரியாக இருந்தால், ஒரு மூலையில் சேரும் இரண்டு துண்டில் ஒன்றை இடப் பென்ஸிலும் மற்றதை வலப் பென்ஸிலும் வெட்டும்போது, ஒன்று 45.1, மற்றது 44.9 என்று வந்தாலும் கூட்டினால் 90தான். பிறகு நான்கு துண்டுகளைச் சட்டமாகச் சேர்த்து டேப் ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நான்காவது மூலையைப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் நல்ல மரத்தை எடுக்கலாம்.

ஸ்லெட்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மெதுவாக வளைந்துவிடும். ஆணியில் நேராகத் தொங்க விடுங்கள், வெளிச் சுவரில் வேண்டாம், மழை ஈரம் அதில்தான் இறங்கும். மர ரன்னர் உள்ளவர்கள் ஐப்பசி தொடக்கத்தில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை பென்சில் சோதனையைச் செய்துவிடுங்கள். மர ரன்னரைப் புதிதாகப் பொருத்துவதென்றால் மழைக்காலத்திலேயே பொருத்துங்கள். அப்போதுதான் அது அதன் முழுப் பருமனில் இருக்கும். வெயிலில் கொஞ்சம் தளர்ந்தால் கீறல் ஸ்க்ரூவைக் கால் சுற்று முறுக்கிக்கொள்ளலாம்.